பேட்டரி வேண்டாத ஸ்கோப்

கஸ்யாத்தின்,
ஏப்ரல் 2

மரியாதைக்குரிய மைத்துனர் லியோனித் அவர்களுக்கு,

கஸ்யாத்தின் ரயில்வே பணிமனையின் பேட்டரி அறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவனும், உன் அக்கா ஹலினாவின் கணவனுமாகிய பனாஸ் எழுதுவது. இங்கே மின்சாரம் இருக்கும் நேரங்களில் நாங்கள் நலம். போலந்தில் எந்நேரமும் மின்சாரம் இருப்பதால் உன் நலத்தை நான் தனியாக விசாரிக்கவில்லை. பிப்ரவரி பதினோராம் தேதிச் சண்டைக்குப் பிறகு உன் கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆகவே தாளிலும் பேனாவிலும் எழுத வேண்டியிருக்கிறது. தாளைத் தடுக்க உன்னால் முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் படிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீ உன் அக்காவிடம் வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறாய். டிசம்பரில் எங்கள் பிள்ளை யாரெமா போர்முனையிலிருந்து கூப்பிட்டான். அவனுடைய ரைஃபிளின் மேல் இருந்த குறிபார்க்கும் ஸ்கோப், உள்ளே சிவப்புப் புள்ளி தெரியுமே அது, குளிரில் செத்துப்போய்விட்டது. பேட்டரி மாற்றினால் பிழைக்கும், இரண்டு நாளில் மறுபடி சாகும். அதற்கான பொத்தான் பேட்டரி வாங்க நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும், போகிற வழியில் மேலே ட்ரோன் சுற்றிக்கொண்டிருக்கும். "அப்பா, பேட்டரியே இல்லாத ஸ்கோப் ஒண்ணு வேணும். பிப்ரவரி இருபதுக்கு நாங்க காட்டுக்குள்ள போறோம். அதுக்குள்ள கெடைச்சாப் போதும்" என்றான். பெற்ற பிள்ளை, அதுவும் என் பிள்ளை, நான் ஆயுள் முழுக்க எதைத் தொட்டுச் சோறு தின்றேனோ அதை வேண்டாமென்று சொல்லிவிட்டான். கோபம் வந்தது, மறைக்கவில்லை. "பேட்டரி மேல தப்பு இல்லடா, நீங்க வச்சிருக்கிற லட்சணம் அப்படி" என்றேன். கம்பளிக் காலுறைகளுக்குள் சுருட்டி நாற்பது பொத்தான் பேட்டரி அனுப்பினேன். காலுறைகள் நன்றாக உழைப்பதாகப் பதில் வந்தது. பேட்டரிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் நீ நுழைந்தாய். போஸ்னானுக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு காட்டுப்பன்றி சுடுகிறவன் என்பதால் உனக்கு எல்லாம் தெரியும் என்றாய். மூன்று நாள் என் காதில் பாடம் நடத்தினாய். ஒரு வகையில் குறியைக் கண்ணாடியிலேயே செதுக்கியிருப்பார்களாம், கறுப்புக் கோடாகத் தெரியுமாம், எதுவும் தேவையில்லையாம். இன்னொரு வகை தானே ஒளிருமாம், பகலில் மேலே ஒட்டியிருக்கும் ஒரு நரம்பு வெளிச்சத்தைக் குடித்து உள்ளே அனுப்புமாம், இருட்டில் ஒரு குண்டூசி அளவுக் குழாயிலிருக்கும் வாயு பன்னிரண்டு வருஷம் ஒளிர்ந்துகொண்டே இருக்குமாம். செதுக்கினதே போதும், எளிமையானது, கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். நீ என்ன அனுப்பினாய்? முதலில் இரண்டும் இல்லை. நீ பன்றிக்கு வைத்திருந்த பழைய ஸ்கோப்பைத் துடைத்து அனுப்பினாய். பன்றித் தொடை கனம் இருந்தது. யாரெமா மாட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "மாமா அனுப்புனதுல அரைக் கிலோமீட்டர் தள்ளி நிக்கிறவன் மீசை தெரியுதுப்பா. பத்தடில வர்றவன் தெரியல. எங்களுக்கு வர்றதெல்லாம் பத்தடில வர்றவன்தான்." அதற்குள் ஜனவரி பாதி போய்விட்டது.

பிறகு நீ வெட்கப்பட்டு, உன் பிடிவாதத்தையும் விடாமல், அந்த ஒளிர்கிறதையே வாங்கி அனுப்பினாய். வாங்கினது வாங்கினாய், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மஞ்சள் முக்கோணத்தைக் கிழித்தெறியக்கூடாதா? மூன்று இதழ் விசிறி போட்ட அந்தக் கதிர்வீச்சு அடையாளத்தைப் பார்த்தால் இந்த ஊரில் அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா, நீயும் செர்னோபில் வெடித்த எண்பத்தாறு மே மாதம் ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி திணித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தானே? பார்சல் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது எங்கள் கட்டிடத்துத் தலைவி லிதியா அம்மாள். நான் ரொட்டியோடு திரும்பி வருகிறேன், பெட்டி முற்றத்தில் பனியின் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஐந்து மீட்டர் தள்ளி வட்டமாகக் கட்டிடமே நிற்கிறது.

"பனாஸ், உங்களுக்கு மனசாட்சி இருக்கா? நாப்பது குடும்பம் இருக்கிற எடம். குண்டு வந்தா எல்லாரும் அதே நிலவறைலதான் ஒளியணும். அங்க போய் இதக் கொண்டு வைப்பீங்களா?" என்றார் லிதியா.

அது பையனுக்குப் போகிற பொருள், இரண்டு நாள்தான் இங்கிருக்கும் என்றேன். இரண்டாம் மாடி மகார் அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். செர்னோபிலில் வெடித்த உலையின் கூரை மேல் நின்று இடிபாட்டை வாரிப் போட்டவர் என்பதால் இம்மாதிரி விஷயங்களில் அவர் சொல்வதுதான் கடைசி. கதிர்வீச்சை அளக்கும் அந்தக் காலத்து டோசிமீட்டர் ஒன்றைப் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அழுத்தினார். ஓசையில்லை. "அப்ப ஒண்ணுமில்ல" என்று யாரோ சொன்னதும் மகார் முறைத்தார். "கருவி ஓடவே இல்லைய்யா. உள்ள பேட்டரி போயிருச்சு."

லியோனித், அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். பேட்டரி இல்லாத பொருளைச் சோதிக்கப் பேட்டரி வேண்டும். மாடியேறிப் போய் எடுத்து வந்து, முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தேன். கருவி உயிர் பிடித்தது. மகார் பெட்டிக்கு மேலே காட்டினார். டிக், டிக் என்று சும்மா எங்கும் அடிப்பது போலத்தான் அடித்தது. பெட்டியைத் திறந்து ஸ்கோப்பையே தொட்டுக் காட்டினார். அதே டிக், டிக். "சுத்தம். குழாய விட்டு எதுவும் வெளிய வரல. இத தலகாணிக்குக் கீழ வச்சுத் தூங்கலாம்" என்றார். லிதியா ஒப்பவில்லை, கருவி பழசு, செவிடாகிப் போயிருக்கும் என்றார். மகாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "செவிடா? வாங்க, உங்க வீட்லயே காட்டுறேன்." எல்லோரும் லிதியா வீட்டுக்குப் போனோம். நடைக்கூடத்தில் சும்மா இருந்தது. சமையலறையில் சும்மா இருந்தது. படுக்கையறையில் அவருடைய மாமனாரின் மேசைக் கடிகாரம், இருட்டில் பச்சையாக எண்கள் தெரியுமே அந்த ரேடியம் ரகம், அதன் பக்கம் போனதும் கருவி காட்டுப்பூனை மாதிரி கத்தியது. நாற்பது வருஷமாக அந்த அம்மாள் தலைமாட்டில் இருந்தது அது.

லிதியா கடிகாரத்தைத் தன் சால்வையால் மூடினார். "இது எங்க மாமனாரோடது. இது யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல. எல்லாம் அந்தப் பெட்டி வந்ததால வந்த வினை" என்றார். பிறகு முறைப்படி கை தூக்கி வாக்கெடுத்தார்கள். கடிகாரம் இருக்கலாம், ஸ்கோப் கட்டிடத்தை விட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. மகாரும் கை தூக்கினார். ஏனய்யா என்று கேட்டேன். "நாளைக்கும் நான் அந்தம்மா மொகத்துல முழிக்கணுமில்ல" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் உன் அக்கா அந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துவிட்டாளே. மகார் சொன்னதையும் கேட்டாள், கருவியையும் பார்த்தாள், எதுவும் ஏறவில்லை. "அவன் அத கண்ணுல வச்சுல்லங்க பாக்கப் போறான். கண்ணுல" என்று ஒரு வாரம் அழுதாள். உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய். பிப்ரவரி பதினொன்று அன்று நீ சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "மச்சான், உங்க காலம் முடிஞ்சு போச்சு. நீங்களே பழைய ஈய பேட்டரிதான், இனி சார்ஜ் ஏறாது. வாங்கிக் குடுத்தத அப்படியே அனுப்புங்க." அதற்கு நான் சொன்னதும் நினைவிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன் நல்ல காலத்திலேயே ஓடிப்போனவன் எங்களுக்குப் போரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். நீ அழைப்பைத் துண்டித்தாய்.

சரி. பழைய ஈய பேட்டரி என்ன செய்தது தெரியுமா? கட்டிடத்திலிருந்து ஸ்கோப்பைக் கொண்டுபோய் வைத்த எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த பழைய பேட்டரித் தட்டுகளிலிருந்து ஈயத்தை உருக்கி, தகடாகத் தட்டி, ஸ்கோப்புக்கு ஒரு சட்டை தைத்தது. கண் வைக்கிற இடமும் குறி பார்க்கிற இடமும் தவிர முழுதும் மூடினேன். முப்பத்தெட்டு வருஷக் கை, ஒரு பிசிறு இல்லை. நகராமலிருக்க நல்ல பசையாகப் பார்த்து ஒட்டினேன். ஹலினா தடவிப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். சட்டை தைப்பதற்கு நான்கு நாள் போயிற்று, பதினேழாம் தேதி அனுப்பினேன், பத்தொன்பது மாலை அவன் கைக்குக் கிடைத்தது. மறுநாள் காடு.

வெளிச்சத்தைக் குடிக்கிற அந்த நரம்பையும் நான் சேர்த்து மூடிவிட்டேன். அது பரவாயில்லை. குறியைத் திருத்துகிற இரண்டு திருகுகளும் ஈயத்துக்குள்ளே போய்விட்டன. புது ஸ்கோப்பை மாட்டினால் பத்துக் குண்டு சுட்டு, திருகைத் திருப்பி, குண்டு போகிற இடத்துக்குக் குறியைக் கொண்டுவர வேண்டுமாம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லவில்லை. மூன்று நாள் பாடம் நடத்தியவன் இதைச் சொல்லவில்லை. பிள்ளை ஒரு சாண் இடப்புறம் சுடுகிற ஸ்கோப்போடு காட்டுக்குள் போனான். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ரைஃபிளிலேயே இருக்கிற வெறும் இரும்புக் குறியை வைத்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் கத்தியால் என் ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். "எங்காளுங்க இத சவப்பெட்டின்னு கூப்பிடுறாங்கப்பா." நானும் சிரித்தேன். பிறகு கொட்டகைக்குப் போய் மீதியிருந்த ஈயத்தையெல்லாம் அள்ளிக் கிணற்றில் போட்டேன். இப்போது அந்தத் தண்ணீரையும் குடிக்க முடியாது என்று ஹலினா திட்டுகிறாள்.

தப்பு யாருடையது? உன்னுடையது. செதுக்கின ஸ்கோப் ஒன்று டிசம்பரிலேயே போயிருந்தால் பன்றியும் இல்லை, முக்கோணமும் இல்லை, ஈயமும் இல்லை. இதை நான் தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். காலையில் நன்றாக நம்ப முடிகிறது. மாலையாக ஆக நம்பிக்கை குறைகிறது, அந்தப் பசை டப்பா கண்ணில் வந்து நிற்கிறது.

ஆகவே, உறவு இத்தோடு போதும். இனி எங்களுக்கு எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம். ஈஸ்டருக்கு வருவதாக அக்காவிடம் சொன்னாயாம், வர வேண்டாம், வந்தால் உள்ளே விடுவதற்கில்லை. உன் மனைவிக்கு உடல் நலமும், உன் பேரன்களுக்கு நல்ல பற்களும், உனக்கு நிறையப் பன்றிகளும் ஆண்டவர் அருளட்டும். ஹலினா முத்தங்கள் அனுப்பச் சொன்னாள், அவளுக்காக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சார்ஜ் ஏறாத
பனாஸ்

பி.கு. ஏப்ரல் 9. கடிதத்தை ஒட்டிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தபால் நிலையத்தைத் தாண்டித் தாண்டி நடந்தேன். இன்று பகல் யாரெமா கூப்பிட்டான், உறையைப் பிரித்து எழுதுகிறேன்.

"அப்பா, பேட்டரிய வரிசையா கோத்து வெல்டு வைக்கிறது, உங்களுக்கு இன்னும் கை வருமா?" என்று கேட்டான். எதற்கடா என்றேன். "என்னைய ட்ரோன் பிரிவுல போட்டுட்டாங்க. எல்லாமே பேட்டரிதான் திங்குது. எவ்வளவு அனுப்பினாலும் பத்தாது."

ரைஃபிள் என்ன ஆயிற்று, ஸ்கோப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ரைஃபிள எடுத்துட்டுப் போய் உக்கார்ற அளவுக்கு எங்ககிட்ட இப்ப ஆள் இல்லப்பா" என்றான். "ஸ்கோப்ப மக்ஸிம்கிட்ட குடுத்தேன். அவனுக்கப்புறம் பாவ்லோ வச்சிருந்தான். அப்புறம் ஒரு பெரியவர், உங்க வயசு இருக்கும். இப்ப எங்கிட்டயே திரும்பி வந்துருச்சு. ஓரத்துல உங்க ஈயம் கொஞ்சம் சுரண்ட வராம ஒட்டியிருக்கில்ல, அத வச்சு என்னோடதுன்னு கண்டுபிடிச்சு ஒவ்வொரு தடவையும் கொண்டாந்து குடுத்துடுறாங்க. நல்ல ஸ்கோப்புப்பா. இன்னும் ஒளிருது. மாமாகிட்ட சொல்லுங்க."

பெட்டியில் பன்னிரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள்.

மேலே எழுதியதைப் படிக்காதே. படித்திருந்தால் மற. கட்டைவிரல் பருமனில் லித்தியம் செல் அங்கே மலிவாமே, கிடைக்கிற அளவு வாங்கு. தபாலில் வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு வா. உனக்குத்தான் அறுபது தாண்டிவிட்டதே, எல்லையில் யாரும் படைக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெல்டு வைக்கிற கருவியைக் கொட்டகையில் துடைத்து வைத்துவிட்டேன். பெட்டியில் ஏதாவது மஞ்சள் அடையாளம் இருந்தால் வழியிலேயே கிழித்துவிடு. என் எண்ணைத் திறந்துவிடு, எந்த ரயிலென்று சொன்னால் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.