மூன்றாவது வீட்டில் சாப்பிட்ட விருந்து

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் வழிகாட்டி வேலைக்குப் போகக்கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு நான்தான் சாட்சி.

சென்னை சௌகார்பேட்டையில் ஒருமுறை 'உணவு நடை'க்குப் போயிருந்தேன். ஒருவர் குடையைத் தூக்கிப் பிடித்தபடி பழைய சந்துகளில் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கடைக்குக் கடை ஒரு கதை, ஒரு வாய் தீனி. நான் பிறந்ததே இதற்குத்தான் என்று முடிவு கட்டி, வேலையை விட்டுவிட்டு ஒடுகத்தூர் திரும்பினேன். (வேலைதான் என்னை விட்டது என்பார்கள். நம்பாதீர்கள்.) சௌகார்பேட்டைக்குப் பதில் ஜவ்வாது மலை, குடைக்குப் பதில் ஒரு மூங்கில் குச்சி. அவ்வளவுதான் மூலதனம்.

அதற்குள் கவிதாவுடனான காதல் வேறு கல்யாணப் பேச்சு வரை முற்றியிருந்தது. அவள் அப்பாவுக்கு சந்தவாசலில் மளிகைக் கடை. என் தொழிலைக் கேட்டதும் தராசைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நடந்து போய் அடுத்தவன் வூட்ல சோறு துன்றதுக்கு எவனாவது துட்டு குடுப்பானா? நானும் ஒரு தபா வர்றேன். பாத்துட்டு அப்பறம் பொண்ணப் பத்திப் பேசலாம்."

ஆக, என் முதல் நடையே பெண் கேட்கும் படலமாகிவிட்டது. பெங்களூரிலிருந்து நான்கு பேர், கூடவே மஞ்சப்பையுடன் அவர். ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு ஊரில் மூன்று வீடுகளில் சொல்லி வைத்திருந்தேன். கிளம்பும்போதே பாடம் நடத்தினேன். "நம்ம ஊரில் 'போறேன்' என்று சொல்லக்கூடாது. எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் கை கூப்பி 'போய்ட்டு வர்றோங்க' என்று சொல்ல வேண்டும்." நால்வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்தார்கள்.

முதல் வீட்டில் களியும் கொள்ளுக் குழம்பும், இரண்டாம் வீட்டில் சாமைச் சோறு. வாசலில் கோரஸாக "போய்ட்டு வர்றோங்க." வீட்டுக்காரர்கள் பூரித்துப் போனார்கள். கவிதாவின் அப்பா முகத்தில்கூட ஏதோ இளகியது.

மூன்றாவது வீடு பூட்டியிருந்தது.

தோற்றுவிட்டேன் என்று நினைத்த நேரத்தில், தெருக்கோடியில் பந்தலும் அடுப்புப் புகையும் தெரிந்தன. குச்சியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனேன். புதிதாக மொட்டை போட்ட ஒருவர் எதிரே வந்தார்.

"வாங்க. இல போட்டாச்சு. ஒக்காருங்க."

பந்தலில் இன்னும் இரண்டு மொட்டைகள் இருந்தன. "திருப்பதி போய் வந்திருக்கிறார்கள், காதுகுத்து" என்று விளக்கினேன். கூடத்தில் மாலை போட்ட பெரியவர் படம், முன்னால் விளக்கு, படையல். "முன்னோரைக் கும்பிடாமல் இங்கே எதையும் தொடங்க மாட்டார்கள்" என்றேன். மொட்டை போட்டவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தூரம் வந்தீங்களே, அது போதும்" என்று கண் கலங்கினார். மலைக்காரர்களின் விருந்தோம்பல் அப்படி என்று அதையும் மொழிபெயர்த்தேன். கவிதாவின் அப்பா எதையும் கவனிக்கவில்லை. அவர் நான்காவது வடையில் இருந்தார்.

கிளம்பும்போது ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். முதலில் கை கூப்பியவர் கவிதாவின் அப்பாதான். குரலும் அவருடையதே ஓங்கி ஒலித்தது. "போய்ட்டு வர்றோங்க. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. அடிக்கடி வர்றோம்."

எனக்குப் புல்லரித்தது. போனில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை, 'உங்கப்பா நம்ம கட்சிக்கு வந்துட்டாரு' என்று கவிதாவுக்கு அனுப்பினேன். சிக்னல் இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோதுதான் பந்தலில் எல்லோரும் எங்களையே பார்ப்பது தெரிந்தது.

மொட்டை போட்டவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கேவலம். அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, இது எங்கப்பா காரியம். காரியத்துக்கு வந்தா சொல்லாமதான் போவணும். நீங்க அடிக்கடி வர்றதுன்னா, வூட்ல இன்னும் யாராவது சாவணும் இல்லிங்களா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வேனுக்கு ஓடினேன்.

வேன் மலை இறங்கும்வரை பெங்களூர்க்காரர்கள் மூன்றாவது வீடுதான் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அடிவாரத்தில் அமிர்திக்குச் சற்று முன் கவிதாவின் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"நான்தான் மொதல்ல சொன்னேன்னு கடத்தெருவுல தெரிஞ்சா மானம் போயிடும். இத நீ யாருகிட்டயாவது சொன்ன, பொண்ணு கெடையாது."

அப்படியென்றால், சொல்லாவிட்டால் பெண் உண்டு. இப்படி ஒரு சம்மதம் யாருக்குக் கிடைக்கும்? "சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா" என்று அவர் கையில் அடித்தேன். அடித்த கையை எடுப்பதற்குள் பையிலிருந்த போன் சிணுங்கியது. வழியில் எங்கோ சிக்னல் கிடைத்து வீடியோ போயிருக்கிறது. கவிதாவின் பதில் வந்திருந்தது.

'அம்மாகிட்ட காட்டுனேன். அந்த வூட்ல யாரு செத்தாங்கன்னு கேக்குறாங்க.'

கல்யாணம் நடந்ததற்கு என் மாமியார்தான் காரணம். பையன் வாயைத் திறக்கவில்லை, போன்தான் அனுப்பியது என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து மாமா மாமியாரோடு எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டு ஒரு நொடி தயங்குவார். சமையலறையிலிருந்து மாமியார் குரல் வரும்.

"இங்க எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க. தாராளமா சொல்லுங்க."