கொழும்பு தொட்டுப் பினாங்கு போகும் கப்பல்

வெண்ணந்தூர்,
யுவ வருஷம் பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

பினாங்குப் பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்துப் பேரும் புகழுமாக இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை சென்னியப்பன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் அர்த்தநாரி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் புண்ணியத்தில் இவ்விடம் நான், உங்கள் அக்காள் முத்தாயம்மாள், தறிகள், எருமை, எருமைக்கன்று யாவரும் சௌக்கியம். அவ்விடம் நீங்களும் தங்கச்சி சாரதாமணியும் குழந்தைகளும் கடையும் சௌக்கியமாக இருப்பதற்கு ஒரு வரி எழுதிப் போடவும். இங்கே மழை இல்லை. நூல் விலை வழக்கம்போல் அழ வைக்கிறது. மரியாதைகள் இத்துடன் முடிந்தன, இனி விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்கிறீர்களானால் உட்கார்ந்து கொள்ளவும்.

நானும் உங்கள் அக்காளும் வைகாசியில் கப்பலேறிப் பினாங்குக்கு வருகிறோம்.

இந்த வயதில் இதென்ன ஆசை என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. மார்கழியில் அக்காளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு படுத்த படுக்கையாகிவிட்டாள். எழுதினால் தம்பி பதறுவான் என்று அவளே தடுத்துவிட்டபடியால் உங்களுக்கு எழுதவில்லை, கோபிக்க வேண்டாம். ராசிபுரத்து டாக்டர் வந்து போனார், கஷாயக்காரர் வந்து போனார், நான் மட்டும் எங்கும் போகாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றுக்கும் உதவாமல் இருந்தேன். காய்ச்சல் விட்ட அன்று காலையில் ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, "ஏனுங்க, எந்தம்பிங்க ரெண்டு பேரையும் ஒரே பந்தீல உக்கார வெச்சு நாஞ் சோறு போடோணும். அதப் பாக்காம நான் போகமாட்டனுங்க" என்றாள். எங்கே போகமாட்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஒரு தம்பி பினாங்கிலும் ஒரு தம்பி கொழும்பிலும் இருப்பது எனக்கு நினைவு வந்தது.

உங்கள் இருவருக்கும் நடந்ததை நான் கிளறவில்லை. கடை வாசலில் 'சென்னியப்பன் அண்டு பிரதர்' என்று நீங்கள் போர்டு எழுதி மாட்டியதும், "பிரதர்னு எவன் வேண்ணாலும் இருக்கலாம், எனக்குன்னு ஒரு பேரு கெடையாதா?" என்று தம்பி கைலாசம் கேட்டதும், போர்டில் இடம் போதவில்லை என்று நீங்கள் சொன்னதும், அவன் அடுத்த கப்பலில் ஏறிக் கொழும்புக்குப் போய்த் தன் பேரைத் தெருவகலத்துக்கு எழுதி மாட்டிக்கொண்டதும் ஊரறிந்த விஷயம். அதிலிருந்து பொங்கலுக்கு ஊருக்கு வரச்சொல்லி எழுதினால் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறீர்கள்: அவன் வருகிறானா, வந்தால் நான் வரவில்லை. ஆகையால் உங்கள் அக்காள் யோசித்து, "இவனுக இங்க வாரவனுக இல்ல. நாமதான் போகோணும். மொதல்ல கொழும்புல எறங்கிக் கைலாசத்தக் கையோட கூட்டிக்கிட்டு, அப்பறம் பினாங்கு. கப்பல்ல ஏத்தீட்டா நடுவால எறங்கியா ஓடப்போறான்? தொணைக்கு ஒரு ஆம்பள வேணும்னு சொன்னா வருவான்" என்றாள். நான்தான் இருக்கிறேனே துணைக்கு என்றேன். "உங்களுக்குத்தானுங்க தொணை" என்றாள்.

இப்படியாக, முதலில் கொழும்பையும் பிறகு பினாங்கையும் தொடுகிற ஒரு கப்பலைத் தேட வேண்டிய வேலை, தண்ணீரில் மோகனூர்ப் பரிசலைத் தவிர வேறொன்றிலும் கால் வைத்தறியாத என் தலையில் விழுந்தது. சேலத்தில் கப்பலுக்கு ஆள் ஏற்றி அனுப்புகிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அந்த மனிதர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் புஜத்தைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். சந்தையில் எருமைக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "வயசு ஆயிப்போச்சுங்களே, ரப்பரு மரஞ் சீவுவீங்களா?" என்றார். தறி நெய்யத்தான் தெரியும் என்றேன். "பொம்பளையாளும் வாராங்களா? அப்பச் செரீங்க, களை புடுங்க ஆளு வேணும்" என்றார். ஐயா, நான் என் மைத்துனரைப் பார்க்கப் போகிறேன் என்று சத்தம் போட்டேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தானுங்க சொல்றாங்க" என்று மைப்பெட்டியை எடுத்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கிக்கொண்டு, கொழும்பு தொட்டுப் பினாங்கு போகிற கப்பல் உண்டா இல்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "கொழும்புன்னாத் தேயிலைங்க, பினாங்குன்னா ரப்பருங்க. ரெண்டு வேலையும் ஒரே ஆளு பண்ண முடியாதுங்க" என்றார். மை பட்ட விரலோடு ஊர் திரும்பினேன். ஏதோ கோர்ட்டு வழக்கில் கைநாட்டு வைத்துவிட்டு வந்ததாக நம் தெருவில் இரண்டு நாள் பேச்சு.

பிறகு சூரமங்கலத்தில் ரயில்வே கார்டாக இருந்து பென்ஷன் வாங்கிய சின்னுசாமி என்பவரைப் பிடித்தேன். உத்தியோகம் முடிந்த பிறகும் அவருக்கு டைம்டேபிள் படிக்காமல் சோறு இறங்காது. ரயில் டைம்டேபிள் தீர்ந்துபோய் இப்போது கப்பல் டைம்டேபிள்களை வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்குக் கண்ணில் ஜலம் வராத குறை. இத்தனை வருஷமாக யாராவது ஒருவர் இப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டாரா என்று காத்திருந்ததாகச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புஸ்தகம் புஸ்தகமாகப் புரட்டினார். நாகப்பட்டினத்தில் ஏறினால் நேரே பினாங்கு, கொழும்பு கிடையாது. தனுஷ்கோடியில் ஏறினால் இலங்கை, பினாங்கு கிடையாது. சாயங்காலம் காப்பி வந்த சமயத்தில் "ஆப்டுக்கிச்சுங்க!" என்று கத்தினார். காப்பி என் வேட்டியில் கொட்டியது. சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கு தொட்டு, கொழும்பு தொட்டு, ஏடன் வழியாகச் சீமைக்குப் போகிற கப்பல். முறை மாறிக் கிடக்கிறதே என்றேன். "ரெண்டு ஊரும் இருக்குதில்லீங்க? முன்ன பின்ன இருந்தா என்னங்க?" என்று அவருக்கு வருத்தமாகிவிட்டது. நானும் அதே நியாயத்தை வீட்டில் வந்து சொல்லிப் பார்த்தேன். "மொதல்ல பினாங்குக்குப் போனா சென்னியப்பனையல்ல கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போகோணும்? பெரியவன் நான், சின்னவந்தான் வரோணும்னு கடை வாசக்கல்லப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அவன நாலாளு சேந்தாலும் நவுத்த முடியாதுங்க" என்றாள் உங்கள் அக்காள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் அபிப்பிராயம் ஒன்றும் இதில் இல்லை.

சின்னுசாமி விடவில்லை. சென்னையில் ஒரு கப்பல் ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டார். பத்துப் பதினைந்து நாளில் என் பேருக்கு வழவழவென்று கலர்ப் படங்களோடு ஒரு புஸ்தகம் வந்து சேர்ந்தது. தெருவே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் சென்றாயன் படித்து அர்த்தம் சொன்னார். உல்லாசமாகத் தீவு தீவாகச் சுற்றுகிற கப்பலாம். கொழும்பு, அதன் பிறகு பினாங்கு, பிறகு பத்தாவியா, பாலி என்று வாயில் நுழையாத ஊர்களெல்லாம். "கொழும்பு, அப்பறம் பினாங்கு. மொறையா இருக்குதுங்க" என்று அக்காள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் கால் தரையில் பாவவில்லை. வாத்தியார் மேலே படித்தார். கப்பலுக்குள்ளே தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்களாம், அதில் இறங்கி எல்லோரும் நீந்தலாமாம். "சுத்தியும் தண்ணியா இருக்கையில தொட்டி எதுக்குங்க?" என்று எதிர்வீட்டுக் கந்தவேல் கேட்டான், வாத்தியார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டுமாம். ஒருநாள் எல்லோரும் மாறுவேஷம் போட்டுக்கொண்டு ஆட வேண்டும், பரிசு உண்டு. "கூத்தா? விடிய விடியவா?" என்று அக்காள் ஆர்வமாகக் கேட்டாள்.

கோட்டுக்கு என்ன செய்வது? ராசிபுரத்துத் தையல்காரரிடம் போனேன். நிறையக் கோட்டுத் தைத்திருப்பதாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்காதது என் பிசகு. அவர் தைத்ததெல்லாம் கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுக்கு. எனக்கும் தோளில் ஜரிகைக் குஞ்சம் வைத்து, மாரில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான் வைத்துக் கொடுத்துவிட்டார். போட்டுக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் கந்தவேல் ஓடிவந்து, "எந்த ஊட்டுக் கண்ணாலமுங்க?" என்று கேட்டான். உங்கள் அக்காள் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாறுவேசத்துக்கும் இதையே போட்டுக்குங்க, பரிசு உங்களுக்குத்தான்" என்றாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகக் கோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அடுத்தநாள் வாத்தியார் வந்து, கடைசிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால் நேற்றுப் படிக்கவில்லை என்று தலையைச் சொறிந்தார். அந்தக் கப்பலில் ஏறுகிறவர்கள் லண்டனில்தான் ஏற வேண்டுமாம், லண்டனில்தான் இறங்க வேண்டுமாம். அதாவது மாப்பிள்ளை, இங்கிருந்து கொழும்புக்குப் போக முதலில் லண்டனுக்குப் போக வேண்டும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அக்காள் பதறவில்லை. "லண்டனுக்கு எந்தப் பஸ்ஸுங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா நிஜமாகக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் கப்பல் பேச்சே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் சாப்பாடு போடும்போது ஒரு இலையைப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு இலை போடுகிறவள்போல் சற்று நின்றுவிட்டுப் போவாள். பிறகு ஒருநாள் மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பினாங்கு தொட்டுக் கொழும்புக்குப் போற கப்பல் இருக்குதுன்னு சொன்னீங்களே, அது சீமைக்குப் போயி அங்கியேவா நின்னுக்கும்?" என்றாள்.

"இல்ல புள்ளே, திரும்பித்தான் வரோணும்" என்றேன்.

"திரும்பி வாரப்பக் கொழும்புதானுங்களே முன்னால வரும்?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சூரமங்கலம் போனேன். சின்னுசாமி கேட்டுவிட்டு அதே புஸ்தகத்தை எடுத்தார். ஒரு தாளைத் திருப்பினார். அதன் முதுகிலேயே இருந்தது: சீமை, ஏடன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர். "முப்பது வருசம் ரயில்ல போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தவனுங்க நானு" என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆகவே எல்லாம் முடிவாகிவிட்டது. இரண்டாம் வகுப்பில் இடம் சொல்லியாகிவிட்டது. கப்பலேறுவதற்காக அம்மை குத்திக்கொண்டதில் என் கை சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது, அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு சேர்ந்து, கைலாசத்தைக் கூட்டிக்கொண்டு, அங்கே கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்குகிறோம். தேதியைத் தந்தியில் சொல்கிறேன். நீங்கள் துறைமுகத்துக்கு அவசியம் வரவேண்டும். கைலாசத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். போர்டைப் பற்றி அன்று ஒருவரும் வாய் திறக்க வேண்டாம். தங்கச்சி இலை மட்டும் நறுக்கி வைத்தால் போதும், பரிமாறுவது அக்காள். அவள் இப்போதே முறுக்குச் சுட ஆரம்பித்துவிட்டாள். ஆடிப்பெருக்கில் மோகனூர்க் காவேரியைப் பார்த்ததுதான் அவள் வாழ்நாளில் கண்ட பெரிய தண்ணீர். "கடலு அதவிட அகலமுங்களா?" என்று தினம் கேட்கிறாள். கொஞ்சம் அகலம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாள். மார்கழியில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு, மாப்பிள்ளை, இது போதும்.

உங்கள் கடையில் கூட்டமும், பெட்டியில் சில்லறையும், குழந்தைகள் மேலில் சதையும் குறையாமல் இருக்க மலைமேல் இருப்பவரை வேண்டிக்கொண்டு, தங்கச்சிக்கு என் ஆசியும் கேட்பவர்களுக்கெல்லாம் என் விசாரிப்பும் சொல்லும்,

உங்கள் அன்புள்ள,
அர்த்தநாரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கைலாசம் வாரத எதுக்குங்க எழுதுனீங்க? அவன் வாரான்னு தெரிஞ்சாச் சென்னியப்பன் தொறைமுகத்துப் பக்கம் வருவானுங்களா? கைலாசத்துக்கிட்டயும், அண்ணன் சரக்கெடுக்கச் சிங்கப்பூர் போயிருக்கான், வெறும் ஊடுதான்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு இருந்தேனுங்க" என்றாள். சொல்லக்கூடாது என்று நீ சொல்லவே இல்லையே என்றேன். "இதெல்லாம் ஒருத்தரு சொல்லுவாங்களாங்க?" என்கிறாள். மறுபடி எழுத நேரமில்லை, தபால் கட்டுகிற சமயம் ஆகிவிட்டது. ஆகையால் மாப்பிள்ளை, மேலே கண்ட எதையும் நீங்கள் படிக்கவில்லை. அக்காளுக்குக் காய்ச்சல் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் சும்மா ஊர் பார்க்க வருகிறோம். எங்களுக்குப் பின்னால் யாராவது இறங்கினால் நீங்கள் நன்றாகத் திடுக்கிட வேண்டும். கூச்சப்பட வேண்டாம், அவனும் உங்களைப் பார்த்துத் திடுக்கிடுவான். ஏனென்றால் இதே விஷயத்தை ஒன்று விடாமல் எழுதி இதே அளவில் ஒரு கடிதம் முந்தாநாள்தான் கொழும்புக்குப் போட்டேன், அதை அக்காளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து அவள் கண்ணெதிரில் ஒரு தரம் திடுக்கிட்டுக் காட்டுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.