கூப்பிட்டும் வராத ஜன்னல்

இனிமேல் இந்த வீட்டுக்கு ஒரே நிர்வாகி, அது நான்தான். போன மாதம் இப்படி ஒரு முடிவெடுத்தேன். சிரிக்காதீர்கள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அது.

எங்கள் வீட்டில் யாருக்கு எந்த வேலை என்று ஒரு பட்டியல் உண்டு. கூடத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதே சட்டம் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ். அதில் ஒரு ஃபைலைப் பூட்டினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நிர்வாகி பாஸ்வேர்ட் இல்லாமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பூட்டினேன். பாஸ்வேர்ட் என் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பட்டியலைப் பார்த்தபோதுதான், போன வாரம் அவள் சொல்ல நானே எழுதிவைத்த வரி கண்ணில் பட்டது. "ஞாயிறு, வாஷிங் மெஷின் மெக்கானிக் வரும்வரை வீட்டில் இருப்பவர்: கணவர்."

மெக்கானிக் ஒன்பதிலிருந்து ஐந்துக்குள் வருவாராம். எனக்குப் பத்து மணிக்குச் செஸ் போட்டி. அதுவும் ஃபைனல்! பதினோரு வருஷமாக விளையாடி, இரண்டாம் சுற்றைத் தாண்டாதவன் ஐயா நான்.

மனைவியிடம் கேட்கலாமே என்பீர்கள். அவளுக்கு அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகணும். கேட்டால் பேச்சு வரும். பேச்சு வந்தால் நான் தோற்பேன். அதைவிட, பட்டியலில் 'கணவர்' என்பதை 'மனைவி' என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. சட்டம் சட்டம்தானே!

மணி மூன்று. வானம் மூடிக்கொண்டு வீடே மங்கலாகக் கிடந்தது. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். உள்ளறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் ஏதோ ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நிர்வாகி அதிகாரத்தோடு, எழுத்தைத் திருத்தும் எடிட்டரைத் திற, அதில் பட்டியலைக் காட்டு என்று கட்டளை தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தேன்.

எடிட்டர் ஜன்னல் வரவில்லை.

முடியாது என்றும் சொல்லவில்லை. கர்சர் மட்டும் கண்ணைச் சிமிட்டியது. எங்கேயோ எலி கொறிக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். ஒரு நிமிஷம் கழித்து, நான் எதையும் தொடாமலே, டெர்மினல் அடுத்த கட்டளைக்குத் தயாராகி நின்றது.

சரி, பட்டியலையாவது பார்ப்போம் என்று அங்கேயே எழுத்தாகக் காட்டச் சொன்னேன். புதிதாக ஒரு வரி!

"திங்கள், பரண் துடைப்பவர்: கணவர்."

இது முன்னால் இல்லை. சத்தியமாக இல்லை. மறுபடியும் எடிட்டரைக் கூப்பிட்டேன். மறுபடியும் அதே சிமிட்டல், அதே கொறிக்கும் சத்தம். மறுபடியும் ஒரு வரி.

"செவ்வாய், ஒட்டடை அடிப்பவர்: கணவர்."

பூட்டின ஃபைல். பாஸ்வேர்ட் ஒருத்தனிடம்தான், அந்த ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் எழுதுவது யார்?

"என்னங்க, பெருமூச்சு இங்க வரைக்கும் கேக்குது?" உள்ளறையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"சும்மான்னா சரி."

மூன்றாம் முறை கட்டளையைத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்து, "யாரு?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. பட்டியலின் கடைசியில் வந்து நின்றது:

"யாருன்னு கேட்டா ஆச்சா? மழை வருது. கொடியில துணி காயுது."

ஓடினேன். வேறென்ன செய்ய? பேயே சொன்னாலும் துணி துணிதானே. அள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே முதல் தூறல் விழுந்தது. நான்காம் முறை எடிட்டரைக் கூப்பிட்டேன்.

"நன்றி. போர்வையை மறந்துட்டீங்க."

ஐந்தாம் முறையும் தட்டினேன், பதிலுக்குக் காத்திருக்கத் தைரியம் இல்லை. அலறியடித்துக்கொண்டு உள்ளறைக் கதவைத் தள்ளினேன்.

"அடியே! கம்ப்யூட்டருக்குள்ள யாரோ இருக்காங்க!"

அவள் திரும்பினாள். அவள் லேப்டாப் திரை நிறைய, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாலு பரிசோதனை ரிப்போர்ட். நடுவில் என் எடிட்டர் ஜன்னல். அதற்குள் என் பட்டியல்.

"வாங்க நிர்வாகி."

"இ... இது எப்படி இங்க?"

"நீங்க குளிக்கப் போகும்போது கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுட்டுத்தானே போறீங்க? உங்க டெர்மினல்ல ஒரே ஒரு வரி சேர்த்தேன். அங்க கூப்பிடற ஜன்னல் எல்லாம் இங்க என் திரையில திறக்கணும்னு. எங்க லேப்ல தினம் பண்றதுதான். மெஷின் கீழ ஓடும், ஜன்னல் மாடியில திறக்கும்."

"ஆனா பாஸ்வேர்ட் உனக்குத் தெரியாதே!"

"எனக்கு எதுக்கு? அதை நீங்களே போட்டு, கதவைத் திறந்து விட்டுட்டீங்களே. நான் உட்கார்ந்து தட்டி எழுதி மூடினேன், அவ்வளவுதான்."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பேய் இல்லை என்ற நிம்மதி பாதி, பேயாக இருந்திருந்தால் தேவலை என்ற ஏக்கம் பாதி.

"சரி, என்ன மாத்த வந்தீங்க?"

"நாளைக்கு ஃபைனல்மா. பதினோரு வருஷம்..."

அவள் அந்த எடிட்டர் ஜன்னலை மூடினாள்.

"அதை வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன? போயிட்டு வாங்க. மெக்கானிக்குக்கு நான் இருக்கேன். அவர் வந்துட்டுப் போனதும் அக்கா வீட்டுக்குப் போய்க்கறேன்."

"நிஜமாவா!"

"நிஜமாத்தான். இப்ப கூடத்துக்குப் போய், இன்னொரு தடவை அந்த எடிட்டரைக் கூப்பிடுங்க. சட்டப்படி எழுதிடலாம்."

ஓடிப்போய் நானே கட்டளை தட்டினேன். கொறிக்கும் சத்தம் இந்தத் தடவை ரொம்ப நேரம் கேட்டது. பட்டியலில் ஞாயிற்றுக்கு நேராக 'மனைவி' என்று இருந்தது. அதற்கடுத்த பதினோரு ஞாயிறுகளுக்கும், எல்லா வேலைக்கும், 'கணவர்'. பரவாயில்லை என்று நினைத்தேன். கோப்பையோடு வரப்போகிறவனுக்குப் பதினோரு ஞாயிறு எம்மாத்திரம்?

மறுநாள் பதினாலே நகர்த்தலில் தோற்று, பதினொன்றரைக்கெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். தோளில் பையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவள் சொன்னாள், "மெக்கானிக் இன்னும் வரலைங்க, நான் கிளம்பறேன்."