வாங்கன்னு கேக்காத சம்பந்தி

மந்திரமூர்த்திக்கு இடுப்புக்கு மேலே முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. இடுப்புக்குக் கீழே கைலி. லேப்டாப் கேமராவில் தெரியப்போவது மேல்பாதிதான், கீழ்பாதிக்கு எதுக்கு வீண் அலங்காரம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஐம்பது வயதில் பரீட்சை எழுத உட்கார்ந்தவனுக்கு இதுக்கு மேல் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது!

பரீட்சை தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதுதான் மனைவி இந்துமதி கதவைத் தட்டினாள்.

"ஏங்க! சாயங்காலம் ராகுகாலம் வந்துருமாம். மாப்பிள்ளை வீட்டுக்காரவ இப்பவே கிளம்பி வந்துட்டாவளாம். தெருமுக்குல நிக்காவ!"

"ஐயையோ! இப்பவேயா?" என்று அலறிவிட்டார் மந்திரமூர்த்தி.

திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. முதல் எச்சரிக்கை. பேசக் கூடாது, கண்ணைத் திருப்பக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. மூன்றாவது எச்சரிக்கையோடு பரீட்சை ரத்து. எங்கேயோ உட்கார்ந்து ஒருத்தர் இவரை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கட்டின பெண்டாட்டிகூட இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

துறைமுக ரோட்டில் படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற மனுஷனுக்கு இந்த வேண்டாத வேலை எப்படி வந்தது என்றால், எல்லாம் மகள் ஐஸ்வர்யாவுக்காகத்தான். எட்டு ஜாதகத்தைத் தள்ளிவிட்ட பிள்ளை, சாத்தான்குளத்து விஜயராஜ் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே மந்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தரகரம்மா செல்லக்கனி ஒரு குண்டைப் போட்டாள்.

"சம்பந்தி டிகிரி படிச்சவரா இருக்கணுமேன்னு பாக்காவ அண்ணாச்சி. நான் பேச்சோட பேச்சா, நீங்க டிகிரி கடைசி வருஷம்னு சொல்லிட்டேன். சட்டுன்னு ஒண்ணுல சேந்துருங்க."

கடைசி வருஷமா! பிளஸ் டூவில் கோட்டை விட்ட மந்திரமூர்த்தியை முதல் வருஷத்திலேயே யாரும் சேர்க்கத் தயாராக இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பிசினஸ் அண்ட் ஃபைனான்ஸ் டிகிரி கிடைத்தது. அதுவும் முதல் வருஷத்துக்கு முந்தின வருஷம், ஃபவுண்டேஷன். அதாவது டிகிரிக்கு எல்.கே.ஜி.

அதிலும் அய்யாவின் லட்சணம் சொல்லி மாளாது. தேவை, அளிப்பு பற்றிக் கட்டுரை கேட்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் சீலா மீன் விலை ஏறுவதை உருகி உருகி எழுதினார். இருபதுக்கு ஏழு. 'சொந்த அனுபவம் ஆதாரம் ஆகாது' என்று குறிப்பு வேறு. இருபத்தஞ்சு வருஷமாக் கடையில் உட்கார்ந்து தான் செய்ததெல்லாம் பிசினஸே இல்லை போலிருக்கிறது என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இன்றைக்கு இதில் தேறாவிட்டால் மறுபடியும் எல்.கே.ஜி.

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அந்த ஊர்ப்பக்கம் சொத்துத் தகராறைக்கூட மன்னித்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தவர்களை வீட்டுக்காரர் வாசலில் நின்று, 'வாங்க' என்று கேட்கவில்லையோ, மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். மந்திரமூர்த்தியோ உள்ளே வாயை இறுக மூடிக்கொண்டு பணவீக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க மைனி, வாங்க அண்ணாச்சி, வாங்க மாப்பிள்ளை" என்று இந்துமதி புருஷனுக்கும் சேர்த்துத் தானே கேட்டாள். "மாப்பிள்ளையோட அப்பா வரலியா மைனி?"

"அவியளுக்குத் திடீர்னு காய்ச்சல்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா இசக்கியம்மாள். "உங்க வீட்டுக்காரர எங்க காணும்?"

"அவியளுக்கு வயித்துக்குச் சரியில்ல மைனி. உள்ள படுத்திருக்காவ."

வந்தவர்களில் செல்வதுரை என்று ஒருத்தர் இருந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினவன் முகம் சுளித்தாலே கோபித்துக்கொண்டு கிளம்புகிற ஆள். "வயித்துவலிக்காரர ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதேன்" என்று எழுந்தார்.

"தூங்குதாவ அண்ணாச்சி!" என்று இந்துமதி கதவை மறித்தாள்.

"அப்ப நான் கை கழுவிட்டு வாரேன்" என்று கொல்லைப் பக்கம் போனவர், நேராகப் படுக்கையறை ஜன்னலில் முகத்தை வைத்தார்.

இரண்டு பேர் கண்ணும் சந்தித்துக்கொண்டன. வாய் திறந்தால் பரீட்சை போச்சு. திறக்காவிட்டால் சம்பந்தம் போச்சு. மந்திரமூர்த்தி மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். சத்தமே இல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டாவது எச்சரிக்கை.

"ஏம்மா, வயித்துவலிக்கு டை கட்டிக்கிட்டா படுப்பாவ?" என்று கூடத்தில் செல்வதுரையின் குரல் எழும்பியது.

"அது வந்து... தொண்டைக்கு இதமா இருக்கட்டும்னு கட்டுனது அண்ணாச்சி. தொண்டையும் கட்டிக்கிட்டு. பேச்சே வரல."

"தெருமுக்குல நிக்கும்போது 'ஐயையோ'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே. அது யாரு, உங்க வீட்டுப் பசுமாடா?"

இந்துமதியிடம் அதற்கு வியாதி மிச்சம் இல்லை.

"ஏலே விஜயா, எந்திரில! பிடிக்கலன்னா நேராச் சொல்லிருக்கலாம். கண்ணுக்குக் கண்ணு பாத்துட்டு ஒரு வாங்க கேக்கல அந்த மனுஷன். நமக்கும் சூடு சொரணை இருக்கு."

நாற்காலிகள் நகர்ந்தன. அடுப்படிப் பக்கமிருந்து, "அப்பா" என்று ஐஸ்வர்யாவின் குரல் மெதுவாகக் கேட்டது. ஒரே ஒரு தடவைதான்.

திரையில் கடைசிக் கேள்வி, இருபது மதிப்பெண். 'ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் இழப்பது எது? தக்க உதாரணத்துடன் விளக்குக.' ஆறு மாதமாக மண்டையில் ஏறாத பாடம் அந்த நொடியில் மந்திரமூர்த்திக்குப் பளிச்சென்று விளங்கியது. விளங்கி என்ன, எழுதவா முடிந்தது? எழுந்துவிட்டார்.

கைலியைப் பார்த்ததுமோ என்னவோ, திரை முழுக்கச் சிவந்தது. பரீட்சை ரத்து.

டையும் கைலியுமாக வாசலுக்கு ஓடினார். செல்வதுரை அதற்குள் ஒரு கால் செருப்பை மாட்டியிருந்தார்.

"வாங்க! செல்வதுரை அண்ணாச்சி, வாங்க! தங்கச்சி, வாங்க! மாப்பிள்ளை, வாங்க!" என்று தெருவே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். ஒரு மணி நேரமாக அடக்கி வைத்திருந்த வாங்க எல்லாம் மொத்தமாக வந்தது.

"எனக்கு வயித்துவலியும் இல்ல, தொண்டைவலியும் இல்ல. டிகிரி கடைசி வருஷமும் இல்ல. ஃபவுண்டேஷன். அதுலயும் இப்ப என்னத் தூக்கிட்டாவ. பட்டதாரி சம்பந்திதான் வேணும்னு நீங்க கேட்டதாலதான் இந்தக் கூத்து. நான் மக்கு. என் பிள்ளை தங்கம். என்னைய வச்சு அவள வேண்டாம்னு சொல்லிராதீங்க."

சொல்லி முடித்து, டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வதுரை ஒரு செருப்போடு நின்றார்.

அதுவரை அதிகம் பேசாத இசக்கியம்மாள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க எங்க அண்ணாச்சி கேட்டோம்? பட்டதாரி சம்பந்திதான் வேணும்னு நீங்க கேட்டதாச் சொல்லித்தான அந்தச் செல்லக்கனி எங்க வீட்டுக்காரரையும் இதே ஃபவுண்டேஷன்ல சேத்துவிட்டா; அவிய அங்கன கதவைப் பூட்டிக்கிட்டு இந்நேரம் கடைசிக் கேள்விக்கு வந்திருப்பாவ!"