மூன்றடி பிடித்த கதை

எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. பெங்களூரு நீலசந்திராவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இல்லை, கேட்டுவிடாதீர்கள். 'ஊட்டா ஆயித்தா', அதாவது சாப்பாடு ஆச்சா, அதுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடம் தமிழையே எனக்கு முழுசாகத் தரவில்லை, கன்னடத்துக்கு எங்கே போவேன்?

கல்யாணமாகி, ஆம்பூரிலிருந்து மனைவி செல்வியின் வீட்டுக்கே குடிவந்த புதிது. (வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லாதீங்க, வலிக்குது.) அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் ஓர் அறை கட்டியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்கும் நடுவே பத்தடி காலி இடம் இருந்தது. அதைப் பார்க்க வார்டு ஆபீஸ் எஞ்சினியர் வருகிற நாளில் செல்விக்கு ஆஸ்பத்திரி செக்கப்.

"அவரு கன்னடத்துல பேசுவாரு. சமாளிப்பீங்களா?"

"யாரப் பாத்துக் கேக்குற?"

எஞ்சினியர் வந்தார். காம்பவுண்டை ஒட்டிய இடத்தைக் கையால் காட்டி, "இல்லி மூரு அடி பிடி" என்றார். அதாவது, இந்த மூன்றடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள். இப்படியும் ஒரு தங்கமான அதிகாரியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தேன்.

கொத்தனாருக்கு மட்டும் சந்தேகம். "அண்ணே, பக்கத்து வீட்டுக்காரரு சும்மா இருப்பாரா?"

"கவர்மெண்டே பிடின்னு சொல்லுது, உனக்கென்னய்யா?"

பக்கத்து வீட்டு நஞ்சப்பா, ரிட்டையர்டு பஸ் கண்டக்டர், அந்த மாதம் மைசூரில் மகன் வீட்டில் இருந்தார். அவர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைதான், காற்று எப்படி வருகிறது பார் என்று செல்விக்குப் புது ஜன்னலைத் திறந்து காட்டினேன். வெளிப்பக்கம் திறந்த கதவு, காம்பவுண்டைத் தாண்டிப் போய் அவர் கொடியில் கிடந்த ஒரே துண்டையும் வாரிக்கொண்டது. கொடிக்குப் பக்கத்தில் நஞ்சப்பா. கோவணம், உடம்பெல்லாம் எண்ணெய்.

"ஏனய்யா இது? மூரு அடி எல்லி?" மூன்றடி எங்கே என்கிறார், அது எனக்கே புரிந்தது.

"பிடிச்சுட்டேன் சார். ஆபீஸ்ல சொன்னபடியே."

செல்வி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அந்த எஞ்சினியரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"மூரு அடி பிடி."

"கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தங்க."

நஞ்சப்பா, எனக்குப் புரியட்டும் என்றே தமிழுக்கு மாறினார். "நாளைக்கே வார்டு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன். இந்த ரூமே இருக்காது, பாத்துக்கோ."

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பதறிப்போய்க் குனிந்தால், சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அவரிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். முதலில் மீசை ஆடியது, அப்புறம் தொப்பை.

"சுவர இடி. மூணு அடி பிடி. கன்னட பிடி" என்றார். "நான் எழுதிக் குடுக்கல. மொதல்ல என் துண்ட குடு."

இடித்தேன். தள்ளிக் கட்டினேன். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னால் அறை தயார். கட்டில், தொட்டில் போக அதில் எனக்கு இடமில்லை, இன்றுவரை ஹாலில்தான் படுக்கை. நஞ்சப்பா எனக்கு வைத்த பெயர் பிடியப்பா. அந்தப் பெயர் ரேஷன் கடை வரைக்கும் எப்படிப் போனதென்றால், போன வாரம் நான் வரிசையில் நிற்கும்போது...

"ஏங்க, குளிக்கமாட்டேன்னு உங்க பொண்ணு ஓடுறா, பிடிங்க" என்று செல்வி உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "தமிழ்லதான் சொல்றேன்."