ஆல்பத்தில் ஒரு முழங்கை

"எல்லாம் சரி சார், இதுல உங்க வீட்டு அக்காவை எங்க காணோம்?"

போட்டோ புத்தகம் அச்சடித்துக் கொடுக்கும் கடைக்காரி, கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பிரேக் சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவசியம் இருக்கிறதோ இல்லையோ, அதை மிதித்துக்கொண்டே வருவார். அதனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர் அது. வீட்டில் டி.வி. பார்க்கும்போதுகூட, திரையில் கார் வேகமாக வந்தால் அவர் கால் தரையை அழுத்தும்.

கல்யாண வெள்ளி விழாவுக்கு மனைவிக்குத் தெரியாமல் ஒரு குடும்பப் புத்தகம் போடலாம் என்பது அவர் திட்டம். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், போன்களிலும் பழைய கேமராவிலும் இருந்த படங்களையெல்லாம் திரட்டி ஒரு பென்டிரைவில் அனுப்பியிருந்தாள். அவள் தவழ்ந்தது, பல் விழுந்தது, சைக்கிளோடு விழுந்தது எல்லாம் இருந்தன. பிரேக் சார் மீசையோடு இருந்தார், மீசை இல்லாமல் இருந்தார், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். பக்கத்து வீட்டு நாய்கூட நிறையப் படங்களில் லட்சணமாக உட்கார்ந்திருந்தது.

"இதோ, இதுல இருக்காளே!" என்று ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"அது முழங்கை சார்."

"அவ முழங்கைதாம்மா."

"இதுல நிழல் மட்டும் இருக்கு. இதுல லென்ஸ் மேல விரல். அவ்வளவுதான் சார் அக்கா."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாப் படங்களையும் எடுத்தவள் அவர் மனைவி. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது 'கொடு, நான் எடுக்கிறேன்' என்று கையை நீட்டியிருக்கிறோமா என்று யோசித்தார். கடற்கரையில் ஒருமுறை நீட்டியது ஞாபகம் வந்தது. அது அவள் கையிலிருந்த பாப்கார்னுக்காக.

"கல்யாணப் படம் இருக்கே, அதைப் போட்டா?"

"போடலாம். அதுக்கப்புறம் கல்யாணப் பொண்ணு எங்க போச்சுன்னு பார்க்கறவங்க கேட்பாங்க." கடைக்காரி சிரிக்காமல் சொன்னாள். "நாள் இருக்கு சார். இப்பவே எடுங்க. அவங்களுக்குத் தெரியாம எடுத்தா முகம் இயல்பா வரும்."

அவர் வீறுகொண்டு எழுந்தார். அட்டைக்கு எந்த நிறம் என்று மகளிடம் கேட்பதற்காக, மேஜை மேலிருந்த, கடைப் பெயர் அச்சடித்த ஒரு மாதிரிப் புத்தக அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் முயற்சி அன்று மாலையே நடந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனில் செய்தி படிப்பவர் மாதிரி அதை முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல அழுத்தினார். பளீர் என்று ஃபிளாஷ் அடித்தது.

"என்னங்க அது?"

"கரப்பான் பூச்சி. டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"எங்க?"

"பீரோவுக்குப் பின்னாடி... போன மாதிரி இருந்துச்சு."

அவள் புடவையை இழுத்துச் செருகினாள். பீரோ நகர்ந்தது. பிறகு கட்டில், பிறகு அலமாரி. இல்லாத பூச்சியைத் தேடி அந்த அறையே தலைகீழானது. தூக்கியதும் தள்ளியதும் அவர்தான். கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தவர், கிடந்தபடியே ஒரு படம் எடுத்தார். அதில் மனைவி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, போர்க்களத்தைப் பார்வையிடும் மகாராணி மாதிரி வந்திருந்தாள். ஆனால் முறைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வேண்டாம், வேலை செய்யும் இடத்தில் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. பள்ளிச் சுவருக்கு வெளியே ஒரு மரத்தின் பின்னால் நின்று, குழந்தைகளோடு அவள் வட்டமாக ஓடுவதைக் குறிவைத்து ஒரு படம் எடுத்தார். தோளில் ஒரு கை விழுந்தது.

"யாருய்யா நீ? எதுக்குப் பள்ளிக்கூடத்தைப் படம் பிடிக்கிற?" காவலாளி அவரைத் தலைமை ஆசிரியையின் அறைக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

மனைவியை அழைத்தார்கள். "டீச்சர், இவர் உங்க வீட்டுக்காரர்னு சொல்றாரே, நிஜமா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேண்டியதற்கு மேலேயே யோசித்தாள். "ஆமா மேடம்."

"மரத்துக்குப் பின்னாடி என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள் பிறகு அவரிடம்.

"சும்மா... உன்னைப் பார்க்கணும்னு தோணுச்சு."

தலைமை ஆசிரியை உருகிப்போனார். வீட்டுக்கு வந்து தேநீர் போட்டு எதிரே உட்கார்ந்த பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"என்னங்க, என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீங்கதானே போய் வாங்கிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"ஒண்ணும் இல்லைன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"ஒண்ணுமே இல்ல! என்ன இருக்கு? எதுக்குத் திடீர்னு கேக்கற?" மடியில் கனம் இருந்ததால் குரல் அவரையும் மீறி உச்சத்துக்குப் போய்விட்டது. நெற்றி வேறு வியர்த்தது.

"சரி. நீங்க சொன்னா நான் நம்பறேன்." குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்த டம்ளரை வைத்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கணவன் ஒளிந்து ஒளிந்து பார்க்கிறான், பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்கிறான், ரிப்போர்ட் என்றால் வியர்க்கிறான். எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது? உயிருக்கு ஆபத்து என்றே முடிவு கட்டிவிட்டாள்!

மறுநாள் காலையில் அடுப்பங்கரையிலிருந்து அழைப்பு வந்தது. "இங்க வாங்க. சமையல் கத்துக்கோங்க."

"எதுக்கும்மா?"

"நான் இல்லாத நேரத்துல நீங்க பட்டினி கிடக்கக் கூடாது பாருங்க."

"நீ எங்க போகப் போற?"

"யாருக்கு என்ன தெரியும்? முதல்ல அரிசியைக் கழுவுங்க."

கழுவினார். அரைவாசி அரிசி தொட்டியோடு போனது.

ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து அவள் முன்னால் விரித்தார். "பாரு, எல்லாமே நார்மல்."

"டாக்டர் நல்ல மனுஷன். நீங்க என்ன கேட்டாலும் எழுதிக் குடுப்பாரு," என்றாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

டாக்டருக்கே போன் போட்டுக் கொடுத்தார். டாக்டர் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னது கேட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டர். இவர் சொல்லச் சொன்னாரா?" என்றாள். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

கடைக்கு ஓடினார். "அம்மா, இருக்கற படத்தை வெச்சு உடனே அச்சடிச்சுக் குடு. புத்தகத்தைக் காட்டினாத்தான் அவ நம்புவா."

"ஐயோ சார், மெஷின் ரிப்பேர்."

"எப்ப சரியாகும்?"

"பார்ட் வரணும். அதுக்குள்ள நீங்க நல்ல படமா எடுங்க சார். ஒண்ணுல அக்கா முறைக்கிறாங்க, இன்னொண்ணுல முகமே சரியா தெரியலை."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மகளுக்குப் போன் செய்தார். "அப்பா, உளறிக் கொட்டிடாதீங்க!" என்று அவள் சீறினாள். "அம்மாவுக்கு வாழ்க்கையில யாராவது சர்ப்ரைஸ் குடுத்திருக்காங்களா? இது ஒண்ணாவது உருப்படியா நடக்கட்டும்."

ஆகவே சமையல் வகுப்பு தொடர்ந்தது. அவர் வைத்த சோறு ஒருநாள் பசையானது, ஒருநாள் கல்லானது. எண்ணெயில் காய் விழும் சத்தத்துக்கெல்லாம் அவர் வலது கால் தரையை அழுத்தியது. "இங்க பிரேக் இல்லீங்க, அடுப்பைக் குறைக்கணும்," என்று அவள் அவர் கையைப் பிடித்துத் திருகியைத் திருப்பினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது அவருக்கு. வெங்காயம் நறுக்கும் வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அழுதால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் ஒருத்தி நாற்சந்தியில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "சார், உடம்பு சரியில்லையா? இன்னைக்கு நீங்க ஒரு தடவைகூட பிரேக் போடலை. எனக்குப் பயமா இருக்கு."

"வீட்டுல நினைப்பு போயிடுச்சும்மா. அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம். நேரா எங்க வீட்டுப் பக்கம் விடு."

போகப் போக ஒன்று நடந்தது. சோறு உதிரியாக வந்தது. காய் கருகவில்லை. ஒருநாள் அவர் செய்த சூப்பை அவள் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவருக்குக் கார் ஓட்டும் உரிமம் கிடைத்த நாளில்கூட அவ்வளவு பெருமை வந்ததில்லை. வேலையிலிருந்து நேரே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அடுப்பருகே நின்று இருவரும் பேசினார்கள். பேசுவதற்கு இத்தனை விஷயம் பாக்கி இருந்ததே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. போனைக் கையில் எடுக்கவே மறந்துபோனார்.

கடையில் மெஷின் மட்டும் சரியானபாடில்லை.

ஒருநாள் தட்டைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "என் தங்கச்சியை ஒரு தடவை பார்த்தா தேவலை."

பிரேக் சாரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. கடைசி ஆசை என்பது இப்படித்தானே ஆரம்பிக்கும்!

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் வருஷக்கணக்காகிறது. காரணம் அவர்தான். அவர் மச்சினிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தும், அவள் உரிமத் தேர்வில் தோற்றுவிட்டாள். "உன் புருஷனுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலை" என்றாள் தங்கை. "உனக்குத்தான் ஓட்டத் தெரியலை" என்றாள் அக்கா. பேச்சு தடித்து, போன் நின்று, போக்குவரத்தும் நின்றது.

அவர் மொட்டை மாடிக்குப் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு மச்சினியை அழைத்தார்.

"தப்பு என்மேலதாம்மா. நான் அன்னைக்குக் கண்ட இடத்துல பிரேக் போட்டேன். நீ நல்லாத்தான் ஓட்டின."

"மாமா, அக்காவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமே இல்ல!" மறுபடியும் அதே உச்சக் குரல்.

மதியத்துக்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு சக்கரம் தெருவிலும் ஒரு சக்கரம் பூந்தொட்டியிலுமாக நின்றது. மச்சினிதான் ஓட்டி வந்திருந்தாள்.

"அக்கா!" என்று கதறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அடியே, தொட்டியை உடைச்சிட்டியே!" என்று கத்திக்கொண்டு அக்கா எதிரே வந்தாள். இருவரும் நடுக்கூடத்தில் மோதிக் கட்டிக்கொண்டார்கள். அழுகை ஆரம்பித்து, அது எந்த இடத்தில் சிரிப்பாக மாறியதென்று யாருக்கும் தெரியவில்லை. தங்கை அக்காவின் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்க?" "எனக்கென்னடி கேடு!"

பிரேக் சார் ஒளியவில்லை, செய்தி படிப்பதுபோல் நடிக்கவுமில்லை. நேராக நின்று போனைத் தூக்கிப் படம் எடுத்தார். மனைவியும் தடுக்கவில்லை. கன்னம் ஈரமாக, வாய் நிறையச் சிரிப்பாக, முகம் முழுசாக விழுந்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தார். "இதான் அட்டைப்படம்! மெஷின் என்னாச்சு?"

கடைக்காரி படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். "சரியாயிடுச்சு சார்," என்றாள்.

வெள்ளி விழா அன்று புத்தகத்தைக் கடைக்காரி தானே நேரில் கொண்டுவந்து கொடுத்தாள். மகளும் வந்திருந்தாள், மச்சினியும் வந்திருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி உறையைப் பிரித்து, அட்டையில் தன் முகத்தைத் தடவினாள். துடைப்ப மகாராணியைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைகளோடு தான் ஓடும் படத்தில் கொஞ்சம் நின்றாள். அவள் கண் நிஜமாகவே நிறைந்திருந்தது.

"இதுக்காகத்தான் எல்லாமே!" பிரேக் சார் படபடவென்று கொட்டினார். "ஒளிஞ்சது, மறைச்சது, எல்லாம். உன் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நூறு வயசு இருப்ப!"

"அப்படியா!" என்றாள் அவள். பிறகு, "கை காலைக் கழுவிட்டு எல்லாரும் உட்காருங்க, சாப்பிடலாம்" என்று தட்டு எடுக்க உள்ளே போனாள்.

பிரேக் சார் பரிமாறினார். கடைக்காரி ரசித்துச் சாப்பிட்டாள்.

"சமையல் அக்காவா சார்?"

"நான்!" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "உன் மெஷின் ரிப்பேர் ஆன புண்ணியம். இல்லாட்டி எனக்கு எங்க இதெல்லாம் கத்துக்க நேரம்?"

கடைக்காரி அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெஷினுக்கு ஒண்ணுமே ஆகலை சார். உங்க ரெண்டு பேர் போனும் ஒரே கணக்காம். கடை பேர் போட்ட அட்டையில ஆரம்பிச்சு, நீங்க எடுத்த ஒவ்வொரு படமும் அப்பப்ப அக்கா போன்லயும் போய் விழுந்திருக்கு. அவங்கதான் முதல் வாரமே கடைக்கு வந்து, 'இவர் சமைக்கக் கத்துக்கட்டும், என் தங்கச்சிகிட்ட மன்னிப்பும் கேட்கட்டும், அதுவரைக்கும் அச்சடிச்சிடாதேம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."