கம்ப்யூட்டர் அறைக்குள் ஏறிய ஈரம்

முதுநகர்,
கார்த்திகை 5, 2009

சிதம்பரத்தில் இருக்கும் தம்பி பக்கிரிக்கு அக்கா தைலம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம் நீ எழுதினால்தானே தெரியும். நீ கடைசியாக எழுதியது போன வருஷம் மாசி மகத்துக்கு மறுநாள்.

விஷயம் என்னவென்றால், என் மகன் பழனிவேல் வாசல் அறையில் கம்ப்யூட்டர் வைத்துத் தெருவுக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கிறான் அல்லவா, அந்தப் பெரிய மிஷின் இந்த மழையில் இரண்டு தடவை நின்றுவிட்டது. என்ஜினியர் பெண் ஜெயராணி வந்து, உள்ளே துரு பூத்திருக்கிறது என்று சொல்லி, ஈரம் அளக்கும் கடிகாரம் ஒன்றைச் சுவரில் மாட்டினாள். ஐம்பதில் நிற்க வேண்டிய முள் எழுபத்தெட்டில் நிற்கிறது. ஏசி ஓடுகிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது, தூசிக்குப் பயந்து செருப்பைக்கூட வெளியேதான் கழற்றுகிறோம், பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்க, மருமகள் ஸ்ரீமதி என்னைப் பார்த்தாள். நிச்சயதார்த்தத்தன்று பாயசத்தில் முந்திரி இல்லை என்று பார்த்தாளே, அதே பார்வை.

"மத்தியானத்துல அத்தைதான் உள்ள போயி ஒக்காருறாங்க."

"ஒன் சீரியல் சத்தம் அங்க கேக்கலடி. நான் என்ன கொடத்துல தண்ணி மொண்டா ஊத்துறேன்?"

"நாத்தம் வேற வருதும்மா," என்றான் பழனிவேல்.

"தொறமொகத்துகிட்ட ஊட்ட கட்டிட்டு மல்லிப்பூ வாசனையா வரும்? உப்புக்காத்துடா. தொண்ணூத்தி மூணுல போட்ட ஜன்னல் கம்பி, தொட்டா உதிருது. கெழக்க ஜன்னல் வெக்காதன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?"

அடுத்த வியாழக்கிழமை ஜெயராணி மிஷினைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்க்கப்போகிறாள். குற்றம் என் பேரில் வந்தால் என்னைப் பெண்ணாடத்தில் மகள் அமராவதி வீட்டில் விட்டுவிடுவானாம். எண்பத்தொன்பது பொங்கலுக்கு எனக்கு முதல்நாள் குழம்பை ஊற்றிய வீடு அது. அந்த ஊருக்கு மீன் போய்ச் சேருவதற்குள் அதற்குக் கண்ணே போய்விடும். நான் போகமாட்டேன். நீ தாய்மாமன், வந்து கடல்காற்றுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். அந்த மிஷினை நான் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை என்று சூடம் அணைப்பேன்.

உன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல், அவள் என்னைக் கேட்காவிட்டாலும்.

இப்படிக்கு,
அக்கா தைலம்மாள்

எழுத விட்டுப்போனது: புதன்கிழமையே வந்துவிடு. மிஷினின் முதுகுப் பக்கம் நல்ல சூடாகக் காற்று வருகிறது. மழையில் காயவைக்க வேறு இடமில்லாமல், உப்புப் போட்ட வாளை மீனை அங்கே முறத்தில் பரப்பியிருக்கிறேன். மேலே இருப்பது காய்ந்திருக்கும், அடியில் இன்னும் ஈரம்தான். ஜெயராணி வந்துபோன அன்றிலிருந்து அறைச் சாவி ஸ்ரீமதி இடுப்பில். தாய்மாமன் அறையைப் பார்க்கவேண்டும் என்றால் திறப்பாள். நான் அவளைப் பேச்சில் பிடித்துக்கொள்கிறேன், நீ அள்ளிக்கொள். பாதி உனக்கு. பாத்திரம் எதுவும் வாங்காதே. எண்பத்தாறில் நீ கொண்டுபோய்த் திருப்பித் தராத என் கருவாட்டுப் பானையை எடுத்துக்கொண்டு வா.